உயிர் முந்தியா? வழக்கு முந்தியா?

2024-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அந்தமானைச் சேர்ந்த பாரன் தீவுக்கு அருகே ஒரு மீன்பிடிப் படகை நமது கடலோரக் காவற்படையினர் மடக்கினார்கள். அதில் இருந்த மெத்தாம்பெட்டமைன் என்னும் லாகிரிப் பொருள் 5,500 கிலோவுக்குக் குறையாது. அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் கேரளக் கரைக்கு அப்பாலுள்ள கடலில் பிடிபட்டது சுமார் 2,500 கிலோ. பத்திரிகைகள் இவற்றைக் கொட்டை எழுத்துக்களில் வெளியிட்டன. பிடித்தவர்களுக்குப் பாராட்டுக் கிடைத்தது, அது நியாயமே. ஆனால், வலையில் விழுந்த மீனைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் நாம், வலைக்குத் தப்பிய மீன் எங்கே போயிற்று என்று கேட்பதில்லை. அது ஊருக்குள் வந்தது. யாரோ ஒரு வாலிபனுடைய உடம்புக்குள் போயிற்று. அந்த உடம்பு அதைத் தாங்காமல் துடிக்கும்போது அருகில் இருப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், வைத்தியர் என்ன செய்ய வேண்டும், சட்டம் என்ன செய்ய வேண்டும் என்னும் விஷயம் குறித்து ஒரு பத்தி அச்சானதாகக் கூட நமக்கு நினைவில்லை. அதைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

லாகிரி என்றதும் நமது ஜனங்களுக்கு நினைவு வருவன கள்ளும் சாராயமும் அபினும் கஞ்சாவுமே. இவை பெரும்பாலும் மனிதனைத் தளர்த்துபவை. கிறக்கி, மயக்கிக் கிடத்துபவை. நாம் இங்கே சொல்லும் வகை இதற்கு நேர்மாறானது. மெத்தாம்பெட்டமைன், கொக்கெயின், எக்ஸ்டஸி என்று அழைக்கப்படும் எம்.டி.எம்.ஏ. மாத்திரை, இரத்த அழுத்தம் விழுந்தவருக்கு அதை உயர்த்துவதற்காக வைத்தியர்கள் போடும் மெபென்டர்மின் என்னும் ஊசி மருந்து, இவையெல்லாம் முடுக்கும் லாகிரிகள். கடைசியாகச் சொன்ன ஊசியை உடற்பயிற்சிக் கூடங்களில் சில இளைஞர்கள் களைப்புத் தெரியாமல் பளுத் தூக்குவதற்காகத் தாங்களே குத்திக்கொள்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். மேட்டில் வண்டியிழுக்கும் மாட்டைத் தார்க்குச்சியால் குத்தினால் அது ஓடத்தான் செய்யும். தீனி கிடைத்ததனால் ஓடுகிறது என்று யாராவது சொல்வார்களா? இந்த மருந்துகள் தரும் ஊக்கமும் அத்தகையதே. குத்தக் குத்த ஓடிய மாடு எந்த இடத்தில் விழும் என்பது வண்டிக்காரனுக்கும் தெரியாது.

இவை நேற்று முளைத்தவை அல்ல. ஆம்பெட்டமைன் 1887-இல் பெர்லினில் முதன்முதலாகத் தயாரிக்கப்பட்டது. மெத்தாம்பெட்டமைனை 1893-இல் நகாயி நகயோஷி என்னும் ஜப்பானிய ரசாயன நிபுணர் தயாரித்தார். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜெர்மன் சிப்பாய்களுக்குப் பெர்விட்டின் என்ற பெயரிலும், ஜப்பானில் பிலோபான் என்ற பெயரிலும் இதுவே வழங்கப்பட்டது. யுத்தம் முடிந்த பிறகு ஜப்பானில் மிஞ்சிக் கிடந்த மாத்திரைகளும் ஊசிகளும் சந்தைக்கு வந்து, ஆயிரமாயிரம் பேர் அதற்கு அடிமைகளானார்கள். 1951-இல் தனிச் சட்டம் செய்தே அந்த நாடு அதைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது. யுத்த காலத்தில் சர்க்காரே கையில் கொடுத்த பொருளை, அமைதிக் காலத்தில் வைத்திருந்தவனைச் சிறையில் போட்ட கதை இது. சரித்திரம் இவ்வளவு போதும்.

நமது நாட்டில் நிலைமை என்ன? மத்திய சர்க்கார் 2019-இல் வெளியிட்ட தேசீயக் கணக்கெடுப்பின்படி, 10 வயது முதல் 75 வயது வரையுள்ள ஜனங்களில் ஆம்பெட்டமைன் வகையை உபயோகிப்போர் நூற்றுக்கு 0.18, கொக்கெயினை உபயோகிப்போர் 0.10. மதுவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை என்று சிலர் ஆறுதல் கொள்ளலாம். நமக்கு இந்தச் சிறுமையே கவலை தருகிறது. அடிக்கடி வரும் நோயை வைத்தியர் வாசலிலேயே கண்டுகொள்வார். பூச்சிமருந்து குடித்தவரையும் பாம்பு கடித்தவரையும் பார்த்துப் பார்த்துப் பழகிய நமது ஜில்லா ஆஸ்பத்திரிகளில், என்றோ ஒரு நாள் நள்ளிரவில் வரும் இந்தப் புதிய விஷத்தைக் குடிவெறி என்றோ பைத்தியம் என்றோ கருதி ஒரு மூலையில் கட்டிப்போட்டுவிட இடமுண்டு. குடிகாரன் தெளியட்டும் என்று காத்திருக்கலாம். இவன் விஷயத்தில் காத்திருக்கும் நேரமே எமன்.

அடையாளங்கள் கடினமானவை அல்ல. வைத்தியம் படியாதவர் கண்ணுக்கும் புலப்படக்கூடியவை. கண்ணின் பாவை விரிந்திருக்கும். நாடி மிக வேகமாக ஓடும். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டும். தொட்டால் சுடும். பற்களை நறநறவென்று கடிப்பான், தாடை இறுகும். ஓர் இடத்தில் உட்காரமாட்டான், ஓயாது பேசுவான், யாரோ தன்னைக் கொல்ல வருகிறார்கள் என்று கதவைப் பார்த்துக்கொண்டே இருப்பான். இல்லாத பூச்சி தோலின்மேல் ஊர்வதாகச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வதும் உண்டு. மேலும் முற்றினால் வலிப்பு, ஜன்னி, நினைவிழத்தல்.

குடித்தவனுடைய கால் தள்ளாடும், நாக்குக் குழறும், அருகில் போனால் நாற்றம் வீசும். இவனிடம் அந்தத் தளர்ச்சி இராது. பூச்சிமருந்து குடித்தவனுக்கும் வேர்வை உண்டு. ஆனால் அவனுடைய பாவை குண்டூசி முனையாகச் சுருங்கியிருக்கும், வாயில் எச்சில் வழியும். நமது கிராமங்களுக்கு நன்கு தெரிந்த ஊமத்தை விஷத்தோடுதான் இதைக் குழப்பிக்கொள்வது எளிது. ஊமத்தங்காயைத் தின்றவனுக்கும் பாவை விரியும், உடம்பு சுடும், பிதற்றல் உண்டாகும். ஆனால் அவனுடைய தோலும் நாவும் வறண்டு கிடக்கும். முடுக்கும் லாகிரி உண்டவனோ நனைந்த கோழிபோல் வேர்த்திருப்பான். அக்குளில் கை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இதை ஒவ்வோர் அவசர சிகிச்சை அறையின் சுவரிலும் எழுதி ஒட்டினால் தகும். ஆயினும் ஒன்று: சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரை திடீரென்று குறைந்தாலும், மூளைச் சவ்வில் சுரம் கண்டாலும், வெயிலடி பட்டாலும், நாள்தோறும் குடித்தவர் திடீரென்று குடியை நிறுத்தினாலும் இதே கோலம் தோன்றக்கூடும். ஆகையால் விரல்நுனி இரத்தத்தில் சர்க்கரை பாராமல் எந்த முடிவுக்கும் வருவது தவறு.

இந்த விஷம் எவ்வாறு கொல்லுகிறது என்பதை ஜனங்கள் அறிந்துகொண்டாலே பாதி உயிர்கள் பிழைக்கும் என்று கருதுகிறோம். அது பெரும்பாலும் சூட்டினால் கொல்லுகிறது. தசைகள் எல்லாம் ஓயாமல் இறுகி உழைக்கின்றன. அதனால் உள்ளே வெப்பம் ஏறுகிறது. தோலுக்கு வரும் இரத்தக் குழாய்கள் சுருங்கிக்கொள்வதால் அந்த வெப்பம் வெளியே போக வழியில்லை. அடுப்பையும் மூட்டி, மூடியையும் அழுத்திப் பிடித்தாற்போல! சாதாரணச் சுரம் 102, 103 டிகிரி பாரன்ஹீட் என்றால், இங்கே 106-ஐத் தாண்டுவதும் உண்டு. அந்தச் சூட்டில் தசை உருகி இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கிறது; சிறுநீர் காப்பி டிகாஷன் நிறத்தில் இறங்குகிறது. ஈரலும் மூளையும் அடுத்தடுத்துக் கெடுகின்றன. சுரத்துக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரை இங்கே பயன் தராது. இது மூளை விதித்த சுரம் அன்று, தசை உண்டாக்கிய வெப்பம்.

நியூயார்க் நகரத்து மரணங்களை ஆராய்ந்து 1998-இல் அமெரிக்க வைத்தியப் பத்திரிகை ஒன்றில் வெளியான ஆராய்ச்சியை இங்கே குறிப்பிட வேண்டும். வெப்பம் சுமார் 31 டிகிரி சென்டிகிரேடை எட்டிய நாட்களில், கொக்கெயினால் மாண்டவர்களின் தினசரித் தொகை மற்ற நாட்களைவிட நூற்றுக்கு 33 பங்கு அதிகமாக இருந்ததாம். நியூயார்க்வாசிகளுக்கு 31 டிகிரி கடுங்கோடை. நமக்கோ அது மார்கழியில்கூட மத்தியான வேளையில் எட்டிப் பார்க்கும் வெப்பம்! கத்திரி வெயிலில் 40 டிகிரியில் காயும் சென்னையிலும் வேலூரிலும் மதுரையிலும், ஜன்னல் திறவாத அறைக்குள் இதை உட்கொள்பவனுடைய கதி என்ன என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இருதயத்தை இது தாக்கும் விதம் வேறு. கொக்கெயின் இருதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்களைச் சுருக்குகிறது. அதே சமயத்தில் இருதயத்தை மேலும் வேகமாக உழைக்கச் சொல்லுகிறது. வேலையை இரட்டித்துக் கூலியைப் பாதியாக்கும் எஜமானைப்போல. ஆகவேதான் 20, 25 வயதுப் பிள்ளைக்கும் மார்வலி வருகிறது. நம்மவர் மார்வலி என்றதும் ‘வாயு’ என்று சொல்லி ஓமத் திராவகமும் சோடாவும் கொடுக்கும் பழக்கமுடையவர்கள். வயதானவர் விஷயத்தில் இப்போது கொஞ்சம் எச்சரிக்கை வந்திருக்கிறது. இளைஞன் விஷயத்தில் இன்னும் வரவில்லை. இளைஞனுக்கு மார்வலி வந்தால் இருதயப் படம் எடுத்தே தீர வேண்டும்.

இனி, நிகழக்கூடிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். நாம் கற்பித்ததே, ஆயினும் இப்படி நடப்பதற்கு எல்லா ஏதுக்களும் உள்ளன. நகரத்தில் ஒரு விடுதி அறை. நான்கு நண்பர்கள். இரவு 11 மணிக்கு ஒருவனுடைய பேச்சு மாறுகிறது, வேர்க்கிறது, சட்டையைக் கிழித்துக்கொள்கிறான். ‘கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும்’ என்கிறான் ஒரு நண்பன். 12 மணிக்கு அவன் சுவரில் மோதிக்கொள்ளுகிறான். கத்தினால் பக்கத்து அறைக்காரர் வருவாரே என்று கதவைச் சாத்தி, மூன்று பேரும் அவனைக் குப்புறத் தள்ளி மேலே அமர்ந்து பிடித்துக்கொள்கிறார்கள். 108-ஐக் கூப்பிடலாமா என்று ஒருவன் கேட்கிறான். கூப்பிட்டால் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றால் போலீஸ், போலீஸ் என்றால் சிறை, கல்லூரியிலிருந்து நீக்கம், தகப்பனாரின் முகத்தில் விழிக்க முடியாமை. கேட்டவன் வாயை மூடிக்கொள்கிறான். 2 மணிக்குச் சத்தம் அடங்குகிறது. அப்பாடா, தூங்கிவிட்டான் என்று நினைக்கிறார்கள்.

அவன் தூங்கவில்லை.

இந்தக் காட்சியில் குற்றவாளி யார்? நண்பர்களைத் திட்டுவது எளிது. அவர்கள் அஞ்சியது பொய்ப் பூதத்தை அன்று. 1985-ஆம் ஆண்டு லாகிரி மருந்துச் சட்டத்தின் 27-வது பிரிவு, உட்கொண்டதையே குற்றமாக்குகிறது. கொக்கெயின் முதலியவற்றுக்கு ஓராண்டு வரையிலும், மற்றவற்றுக்கு ஆறு மாதம் வரையிலும் சிறை விதிக்கலாம். 64-ஏ பிரிவின்கீழ், அடிமைப்பட்டவன் தானே முன்வந்து சர்க்கார் அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுதலை உண்டு. இது நல்ல பிரிவு, இயற்றியவர்களைப் போற்றுகிறோம். ஆனால் அது பழக்கத்தை விடுவதற்கான சிகிச்சையைப் பற்றியது. முதன்முதலாக ஒரு மாத்திரையை விழுங்கி நினைவிழந்து கிடப்பவன் ‘தானே முன்வருவது’ எவ்வாறு? அவனைத் தோளில் தூக்கி வரும் நண்பனுக்கு அந்தப் பிரிவில் என்ன இடம்? ஒன்றும் இல்லை.

சட்டத்தைப் பற்றி மேலும் சொல்லுமுன், அந்த அறையில் என்ன செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவோம். முதலாவது, 108. வண்டி வருமட்டும் விளக்கைக் குறைத்து, பாட்டையும் கூச்சலையும் நிறுத்தி, ஒருவர் மட்டும் தணிந்த குரலில் பேசவேண்டும். வாதாடக் கூடாது. இறுகிய உடைகளைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீரைத் தெளித்து மின்விசிறியை ஓடவிட வேண்டும். பனிக்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைக்கலாம். மெத்தாம்பெட்டமைனுக்குச் சந்தையில் ‘ஐஸ்’ என்று பெயராம்! அந்த ஐஸ் மூட்டிய தீயை அணைக்க இந்த ஐஸ்தான் வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் பல்லிடுக்கில் கரண்டியை விடுவதும் உதவா. வாந்தியெடுக்கச் செய்யலாகாது. சூட்டைத் தணிக்கவென்று மோரையும் பாலையும் வாயில் ஊற்றினால் மூச்சுக்குழலில் போய்விடும். அமைதிப்படுத்தவென்று சாராயம் கொடுப்பது எண்ணெயை ஊற்றி நெருப்பை அணைப்பதே.

தண்ணீர் விஷயத்திலும் அளவு வேண்டும். 1995-இல் இங்கிலாந்தில் எஸ்ஸெக்ஸ் ஜில்லாவில் தன்னுடைய பதினெட்டாவது பிறந்தநாள் விருந்தில் எக்ஸ்டஸி மாத்திரை உட்கொண்ட ஒரு பெண், தண்ணீர் குடித்தால் நல்லது என்று எங்கோ கேள்விப்பட்டு, சுமார் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 7 லிட்டர் குடித்தாள். அந்த மாத்திரை சிறுநீர் பிரியாமல் உடம்பில் நீரைத் தேக்கும் தன்மையுடையது. இரத்தத்தில் உப்பின் அளவு குறைந்து, மூளை வீங்கி, அவள் இறந்தாள். பாதி உண்மை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று வேண்டியதில்லை. எம்.டி.எம்.ஏ. உண்டவருக்கு ஆஸ்பத்திரியில் நீர் ஏற்றுமுன் இரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும் என்பது அதனால்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குப்புறத் தள்ளி மேலே உட்காரக் கூடாது. இதை அந்த மூன்று நண்பர்களுக்கு மட்டும் சொல்லவில்லை. போலீஸ்காரர்களுக்கும், ஆஸ்பத்திரிக் காவலர்களுக்கும், ஓடிவந்து உதவும் நல்ல மனிதர்களுக்கும் சேர்த்தே சொல்லுகிறோம். கட்டுண்டவன் கயிற்றோடு போராடுகிறான். போராடும் ஒவ்வொரு நொடியும் தசை மேலும் சூடேறுகிறது. இரத்தத்தில் அமிலம் பெருகுகிறது. அதைப் போக்க வேகமாக மூச்சுவிடப் பார்க்கிறான். முதுகில் முழங்கால் அழுந்துகிறது. அமெரிக்காவில் இவ்வாறு இறந்தவர்களைப் பற்றி ‘வெறிகொண்ட ஜன்னியால் மரணம்’ என்று எழுதி வைக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்நாட்டு அவசர சிகிச்சை வைத்தியர் கழகம் 2009-இல் அந்தப் பெயரை ஆதரித்து வெளியிட்ட அறிக்கையை 2023-இல் தானே வாபஸ் பெற்றுக்கொண்டது. பதினான்கு ஆண்டுகள் தாழ்ந்து வந்தாலும் அந்த நேர்மையை மதிக்கிறோம். பிடிக்கத்தான் வேண்டும், இல்லையேல் தன்னையும் பிறரையும் மாய்த்துக்கொள்வான் என்றால், நான்கு பேர் கைகால்களைப் பிடித்து, மல்லாத்தியோ பக்கவாட்டிலோ, மருந்து ஏறுமட்டும் மாத்திரம் பிடிக்கலாம். பிடிப்பது மருந்து கொடுப்பதற்காக. மருந்துக்குப் பதிலாக அன்று.

அந்த மருந்து யாது? எங்கோ ஸ்விட்ஸர்லாந்திலிருந்து விமானத்தில் வரவழைக்க வேண்டியதா? அன்று. டயஸெபாம், லொராஸெபாம், மிடஸோலாம் என்னும் மருந்துகள். வலிப்புக்காக எந்தச் சர்க்கார் ஆஸ்பத்திரியிலும் வைத்திருக்க வேண்டியவை. இவ்விஷத்துக்கு நேரான மாற்று மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் இந்த அமைதி மருந்தை நரம்பில் செலுத்தி, மூச்சைக் கவனித்துக்கொண்டே, அடங்கும் வரையில் மீண்டும் மீண்டும் கொடுத்தால் கொந்தளிப்பும் அடங்கும், நாடியும் தணியும், இரத்த அழுத்தமும் இறங்கும், வெப்பமும் குறையும். சிலர் எடுத்த எடுப்பில் மனநோய்க்குரிய ஊசியை மட்டும் போட்டுவிடுகிறார்கள். அவற்றுள் சில வேர்வையைத் தடுப்பவை, வலிப்புக்கும் வழி செய்பவை. துணை மருந்தாகப் பின்னர் வரட்டும். கொக்கெயின் உண்டவருக்கு இருதய வேகத்தைக் குறைக்கும் பீட்டா-பிளாக்கர் கொடுக்கலாமா என்பது குறித்து வைத்தியர்களுக்குள் இன்னும் வாதம் உண்டு. அமைதி மருந்தே முதல் என்பதில் வாதமில்லை.

வெப்பம் 41 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் சில நிமிஷங்களில் இறக்கியாக வேண்டும். பனிக்கட்டி நீரில் அமிழ்த்துவதே விரைவான வழி. அதற்கும் அடங்காவிடில், தசைகளை அசைவறச் செய்யும் மருந்தைக் கொடுத்து, சுவாசக் கருவியில் வைத்துக் காப்பாற்றுவார்கள். சிறுநீரகத்தைக் காக்க உப்புநீர் ஏற்றவேண்டும். இருதயப் படத்தில் கொக்கெயின் உண்டாக்கும் ஒருவகைக் கோளாறு தெரிந்தால் சோடியம் பைகார்பனேட் கைகொடுக்கும். சிறுநீர்ப் பரிசோதனையின் முடிவு வரட்டும் என்று காத்திருக்கலாகாது. சாதாரண ஜலதோஷ மருந்தும் அதில் ஆம்பெட்டமைனாகத் தோன்றுவது உண்டு, உண்மையில் உண்டதே அகப்படாமல் போவதும் உண்டு. கண்ட அடையாளத்துக்கு வைத்தியம் செய்வதே முறை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தால் மொத்தச் செலவு ஒரு நல்ல ஜோடி செருப்பின் விலைக்கு மேல் போகாத நோயாளிகளே பெரும்பாலோர். பணத்தினால் அல்ல, பயத்தினாலும் தாமதத்தினாலுமே இவர்கள் சாகிறார்கள் என்பதே நமது கட்சி.

இப்போது சட்டத்துக்குத் திரும்புவோம். 1989-இல் பரமானந்த கடாரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது: ஆபத்தான நிலையில் வந்தவரைக் காப்பாற்றுவது, சர்க்கார் வைத்தியராயினும் தனி வைத்தியராயினும், ஒவ்வொருவருடைய கடமை, போலீஸ் சம்பிரதாயங்கள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது. அது சாலை விபத்தில் அடிபட்டவர்களைப் பற்றி எழுந்த வழக்கு. பின்னர் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134-ஏ பிரிவைச் சேர்த்து, விபத்தில் அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு கொண்டுவந்து சேர்ப்பவரைத் தொந்தரவு செய்யலாகாது என்று பார்லிமெண்டு பாதுகாப்பு அளித்தது. அதற்கு முன் சாலையில் இரத்தம் ஒழுகக் கிடந்தவனைக் கண்டும் காணாததுபோல் போனவர்களைக் கல்நெஞ்சர் என்றோம். கல் அவர்கள் நெஞ்சில் இல்லை, கோர்ட்டு வாசலில் இருந்தது என்பதை நாடு பின்னர் ஒப்புக்கொண்டது. இன்னும் நெருங்கிய உதாரணம் ஒன்று உண்டு. தற்கொலைக்கு முயன்றவன்மேல் வழக்குப் போட்ட காலத்தில், மருந்து குடித்த மகளை ‘தவறி விழுங்கிவிட்டாள்’ என்று பொய் சொல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்த பெற்றோர் எத்தனை பேர்! அந்தப் பொய்யினால் வைத்தியம் தவறியதும் உண்டு. 2017-ஆம் வருஷத்து மனநலச் சட்டம், அவ்வாறு முயன்றவர் கடும் மனத்துயரில் இருந்தவர் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்று சொல்லி அந்த வாசலைத் திறந்தது.

திறவாமல் இருப்பது இந்த ஒரு வாசல்தான். அமெரிக்காவில் நியூ மெக்ஸிகோ ராஜ்யம் 2007-இலேயே, லாகிரி மிகுந்து ஆபத்தில் இருப்பவருக்காக உதவி கோருபவர்மேலும் அந்த நோயாளிமேலும், வைத்திருந்த குற்றத்துக்காக வழக்குப் போடலாகாது என்று சட்டம் செய்தது. மற்ற ராஜ்யங்களில் மிகப் பெரும்பாலானவை பின்பற்றின. கனடா 2017-இல் நாடு முழுவதற்கும் அவ்வாறே செய்தது. விற்றவனுக்கு இந்தச் சலுகை இல்லை. நாமும் அதைக் கேட்கவில்லை.

இப்படிச் செய்தால் இளைஞர்களுக்குத் துணிச்சல் வந்துவிடாதா என்று சில பெரியோர்கள் கேட்பார்கள். கேள்வி மரியாதைக்குரியது. ஆனால், மண்டை உடைந்தவனுக்குக் கட்டுப்போடுவதால் ஊரில் சண்டை பெருகிவிட்டதாக நாம் கேள்விப்பட்டதில்லை. ‘ஆஸ்பத்திரியில் காப்பாற்றுவார்கள்’ என்று கணக்கிட்டு விஷத்தைத் தொடும் இளைஞனை நாம் கண்டதுமில்லை; தொடுகிறவன் தனக்கு ஒன்றும் வராது என்றே தொடுகிறான். தண்டனைப் பயம் அவன் தொடும்போது அவனைத் தடுக்கவில்லை. அவன் விழுந்த பிறகு அவனுடைய நண்பன் கையை மட்டும் தடுக்கிறது. இப்படி வேலை செய்யும் பயத்தினால் சர்க்காருக்கு என்ன லாபம்?

பயம் வேறொரு விதத்திலும் கொல்லுகிறது. போலீஸாரைக் கண்டதும் கையிலிருந்த பொட்டலத்தை அப்படியே விழுங்கிவிடுபவர்கள் உண்டு. பிடிபட்டவன் முதலில் நன்றாகவே இருப்பான். வயிற்றில் பொட்டலம் பிரிந்த பிறகு, லாக்கப்பில், வேர்க்கும், பிதற்றுவான், கம்பியைப் பிடித்து உலுக்குவான். ‘நடிக்கிறான்’ என்பது ஸ்டேஷனில் எளிதில் கிளம்பும் வார்த்தை. நடிப்பவனுக்குப் பாவை விரியாது; நாடி 150 ஓடாது. அந்த நிலையில் இருப்பவனை உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் எழுத்து மூலமான உத்தரவு இருக்கவேண்டும்; அனுப்பாமல் இறந்தால் பொறுப்பு யாருடையது என்பதும் அதே காகிதத்தில் இருக்கவேண்டும்.

லாகிரி மருந்துச் சட்டம் மத்திய சர்க்காருடையது. 64-ஏ பிரிவோடு இன்னும் சில வரிகளைச் சேர்ப்பது பார்லிமெண்டின் வேலை. உயிராபத்தில் இருப்பவருக்காக 108-ஐ அழைத்தவர்மேலும், அழைக்கப்பட்ட நோயாளிமேலும், உட்கொண்ட குற்றத்துக்காகவும் தமக்கென்று சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்காகவும் நடவடிக்கை எடுக்கலாகாது என்னும் வரிகளே அவை. நமது பிரதிநிதிகள் அடுத்த கூட்டத்திலேயே இதைக் கொண்டுவரலாம். அது வருமட்டும் ராஜ்ய சர்க்கார் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவசர சிகிச்சை அறையில் நோயாளி என்ன உண்டான் என்று நண்பன் சொல்லும் வார்த்தை வைத்தியத்துக்கே அன்றி வழக்குக்கு அன்று என்று போலீஸ் இலாகாவுக்கு அறிவுறுத்தலாம். கல்லூரித் தலைவர்கள், உண்மையைச் சொல்லி நண்பனைக் காத்த மாணவனை நீக்கமாட்டோம் என்று விடுதிச் சுவரில் எழுதி வைக்கலாம். அதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை.

சுகாதார மந்திரியவர்களுக்கு ஒரு சிறு விண்ணப்பம். ஜில்லாத் தலைநகர ஆஸ்பத்திரி ஒன்றில் முன்னறிவிப்பின்றி, நள்ளிரவில், வைகாசி மாதத்தில், ஒருமுறை நுழைந்து பார்க்கவேண்டும். அங்கே 108 டிகிரி பாரன்ஹீட் வரையில் காட்டக்கூடிய வெப்பமானி இருக்கிறதா, டயஸெபாம் அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, பத்து நிமிஷத்துக்குள் ஒரு மனிதனைக் குளிர்விக்கப் போதுமான பனிக்கட்டி எங்கே கிடைக்கும் என்னும் மூன்று கேள்விகளை, அப்போது விழித்திருக்கும் நர்ஸ் அம்மையாரிடம் கேட்கவேண்டும். அவர் சொல்லும் விடைகளைப் பத்திரிகைகளுக்கும் தெரிவித்தால் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.